ப்ளேடை அப்புறம் மாத்தலாம், முதல்ல கை நிக்கட்டும்

"அண்ணா, தலையையே கழட்டி மாத்துற கார்ட்ரிட்ஜ் ரேஸரை விட்டுட்டு, ஒத்தை ப்ளேடு மாட்டுற சேஃப்டி ரேஸருக்கு மாறி மூணு வாரம் ஆச்சு. பத்து கம்பெனி ப்ளேடு கலந்து வர்ற சாம்பிள் பாக்கெட் வாங்கி தினம் ஒண்ணு போட்டுப் பாக்குறேன். சில நாள் நல்லா இருக்கு, சில நாள் கழுத்து சிவந்து பொரிப்பொரியா வந்துடுது. ஃபெதர் போட்டா ரத்தம் தான்னு ஒருத்தர் சொல்றாரு, புதுசா பழகுறவனுக்கு டெர்பி தான்னு இன்னொருத்தர் சொல்றாரு. நான் எந்த ப்ளேடு வாங்கட்டும்? ஒரு ப்ளேடை எத்தனை தடவை வச்சுக்கலாம்?"னு ஒரு தம்பி கேட்டிருக்காரு.

தம்பி, முதல் வேலையா அந்த சாம்பிள் பாக்கெட்டை எடுத்து அலமாரி மேல வச்சிடுங்க. தூக்கிப் போடச் சொல்லல, பின்னாடி அது ரொம்ப உதவும், ஆனா இப்ப வேண்டாம். இன்னும் ஒரு மாசத்துக்கு ஒரே ஒரு வகை ப்ளேடு தான். ஏன்னு சொல்றேன், நாளைக்குக் காலைல உங்க கழுத்து எரியுதுன்னு வைங்க, அதுக்குக் காரணம் ப்ளேடா, ரேஸரைச் சாய்ச்ச விதமா, அழுத்தினதா, நுரை சரியா வராததா, எது? நாலுமே தினம் மாறிட்டே இருந்தா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, உங்களாலயும் முடியாது, இங்க உக்காந்துட்டு என்னாலயும் முடியாது. கை இன்னும் பழகல, அதனால அது தினம் கொஞ்சம் மாறத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. ப்ளேடை மாத்தாம இருக்கிறது மட்டும் நம்ம கையில இருக்கு.

ப்ளேடுன்னா என்னன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா மத்தது சுலபமா புரியும். இந்த ரெண்டு பக்கமும் வெட்டுற ப்ளேடோட கனம் 0.1 மில்லிமீட்டர் தான், தாடில தடிச்ச முடி ஒண்ணு இருக்கிற கனம். இந்த மாதிரி ப்ளேடு மாத்துற ரேஸரைக் கொண்டுவந்த கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1904-ல பேட்டன்ட் கிடைச்ச காலத்து ப்ளேடு எல்லாம் கார்பன் ஸ்டீல், ஈரத்துல வச்சா சீக்கிரம் துரு ஏறிடும். 1960-கள் ஆரம்பத்துல வில்கின்சன் ஸ்வோர்ட் கம்பெனி கொண்டுவந்த ஸ்டெயின்லெஸ் ப்ளேடு பெரிய ஹிட் ஆகி, அதுக்கப்புறம் எல்லாருமே அந்தப் பக்கம் வந்துட்டாங்க. இப்ப நாம வாங்குற ப்ளேடுல பெரும்பாலும் 13 சதவீதம் அளவுக்கு குரோமியம் கலந்த ஸ்டீல், அதை ரொம்பச் சூடாக்கி சட்டுனு குளிர வச்சு கெட்டிப்படுத்தி, சாணை பிடிச்சு, கூர் மேல பிளாட்டினமோ குரோமியமோ மெல்லிசா படிய வச்சு, அதுக்கும் மேல டெஃப்லான் வகைப் பூச்சு ஒண்ணு கொடுப்பாங்க. உலோகப் பூச்சு கூரைக் காப்பாத்துறதுக்கு, டெஃப்லான் தோல் மேல வழுக்கிட்டுப் போறதுக்கு. ஒரு கம்பெனி ப்ளேடுக்கும் இன்னொண்ணுக்கும் இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் இந்த சாணையும் பூச்சும் செய்ற வேலை தான், வடிவம் எல்லாத்துக்கும் ஒண்ணே, எந்த கம்பெனி ப்ளேடும் எந்த டபுள் எட்ஜ் ரேஸர்லயும் உக்காரும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். புதுசா பழகுறவனுக்கு கூர் கம்மியான ப்ளேடு தான் பாதுகாப்புன்னு நிறைய பேர் சொல்றாங்க, கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா நான் இதை ஒத்துக்கறதில்ல. கூர் கம்மியா இருந்தா என்ன நடக்குதுன்னு தாவாங்கட்டைகிட்ட கவனிச்சுப் பாருங்க, முடியை வெட்டுறதுக்கு முன்னாடி ப்ளேடு அதைக் கொஞ்சம் புடிச்சு இழுக்கும், ஒரு சுருக்குன்னு வரும், உடனே நமக்கே தெரியாம கை ரேஸரை அழுத்திடும், இல்லாட்டி அதே இடத்துல ரெண்டு மூணு தடவை ஓட்டும். எரிச்சலும் பொரியும் வர்றது பெரும்பாலும் இந்த ரெண்டாலயும் தான். கூர் கம்மியான ப்ளேடு வெட்டுக்காயம் கம்மியா போடலாம், ஆனா அழுத்துற பழக்கத்தைக் கையில ஏத்தி விட்டுடும், அந்தப் பழக்கத்தைப் பிறகு விடுறதுக்கு மாசக்கணக்காகும். நான் பழகின காலத்துல மென்மையான ப்ளேடுன்னு யாரோ சொன்ன ஒண்ணை வச்சுத் தான் ஆரம்பிச்சேன், மூணு மாசம் கழுத்து ரணமாவே கிடந்துச்சு, என் தோலே இப்படித்தான்னு நினைச்சுக்கிட்டேன். இன்னும் கொஞ்சம் கூரான ப்ளேடு மாத்தின அன்னிக்குத் தான் ரேஸரை அதோட கனத்துலயே விட்டா போதும், தள்ளவே வேண்டாம்னு புரிஞ்சுது.

அதுக்காக நேரா ஃபெதருக்குப் போங்கன்னும் சொல்லல. ஃபெதர் ஜப்பான் ப்ளேடு, ரொம்பக் கூர்னு அதுக்கு உலகம் பூரா பேரு, அந்தப் பேரு சரிதான். நல்ல ப்ளேடு, பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா சாய்வு கொஞ்சம் தப்பினாலும் உடனே காட்டிக் கொடுத்துடும், மூணு வாரத்துக் கைக்கு அது கொஞ்சம் அதிகம். நடுவுல இருக்கிற ப்ளேடு போதும். ஆஸ்ட்ரா சுப்பீரியர் பிளாட்டினம், அந்தப் பச்சை பாக்கெட், இல்லாட்டி ஜில்லெட் சில்வர் ப்ளூ, இந்த ரெண்டுல எது சுலபமா கிடைக்குதோ அதை வாங்குங்க. என்கிட்ட பழகினவங்க பெரும்பாலானவங்களை நான் ஆஸ்ட்ரால தான் ஆரம்பிக்க வச்சிருக்கேன், கூரும் இருக்கு, தப்பு பண்ணினா கொஞ்சம் மன்னிக்கவும் செய்யுது. டெர்பி எக்ஸ்ட்ராவும் கெட்ட ப்ளேடு இல்ல, முடி மெல்லிசா இருக்கிறவங்களுக்கு அது நல்லாவே ஒத்துவரும், தடிச்ச தாடிக்குத் தான் நான் மேல சொன்ன இழுப்பு வரலாம்.

இன்னொண்ணு, மத்தவங்க "இதான் பெஸ்ட் ப்ளேடு"னு போடுற லிஸ்ட்டை அப்படியே நம்பிடாதீங்க, அவங்க பொய் சொல்றாங்கன்னு இல்ல, அவங்க ரேஸர் வேற உங்க ரேஸர் வேற. ப்ளேடைத் தனியா கையில எடுத்தா காகிதம் மாதிரி வளையும், ரேஸர் தலையில வச்சுத் திருகி இறுக்கும்போது தான் அது வளைஞ்சு விறைப்பாகுது. எவ்வளவு வளையுது, கூர் எவ்வளவு வெளிய நீட்டிட்டு இருக்கு, ப்ளேடுக்கும் கீழ இருக்கிற கம்பிக்கும் நடுவுல எவ்வளவு சந்து, இதெல்லாம் ரேஸருக்கு ரேஸர் மாறும். மெர்க்கர் 34சி, எட்வின் ஜாகர் டிஇ89 மாதிரி சாதுவான ரேஸர்ல அமைதியா போற அதே ப்ளேடு, மியூலே ஆர்41 மாதிரி முரட்டு ரேஸர்ல வேற ப்ளேடு மாதிரி நடந்துக்கும். உங்க ரேஸர் எதுன்னு நீங்க எழுதல, ப்ளேடுக்குக் கீழ இருக்கிற அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற வகையா இருந்தா குறைஞ்ச நம்பர்ல வச்சு அங்கேயே விட்டுடுங்க, அதையும் தொடாதீங்க இந்த மாசம்.

கழுத்துக்கு வருவோம், உங்க சிக்கல் அங்க தான் இருக்கு. ரெண்டு நாள் ஷேவ் பண்ணாம விட்டுட்டு விரல் நுனியால கழுத்தைத் தடவிப் பாருங்க, மேலருந்து கீழ, கீழருந்து மேல, காதுப் பக்கத்துலருந்து தொண்டைப் பக்கமா. எந்தப் பக்கம் தடவினா வழவழன்னு போகுதோ அது தான் முடி வளர்ற பக்கம், சுரசுரன்னு தடுத்தா அது எதிர்ப்பக்கம். கன்னத்துல எல்லாருக்கும் பெரும்பாலும் கீழ நோக்கித் தான் வளரும், கழுத்துல அப்படி இல்ல, நிறைய பேருக்கு தாடை எலும்புக்குக் கீழ முடி பக்கவாட்டுல படுத்திருக்கும், சிலருக்கு தொண்டைக்கிட்ட மேல நோக்கி வளரும், சுழி கூட இருக்கும். கன்னத்துல ஓட்டின மாதிரியே கழுத்துலயும் மேலருந்து கீழ ஓட்டினா, நீங்க முடி வளர்ற பக்கமா போறதா நினைச்சுக்கிட்டு எதிர்ப்பக்கமா வெட்டிட்டு இருப்பீங்க. பத்து ப்ளேடு மாத்தினாலும் அது தீராது. ஒரு காகிதத்துல முகம் வரைஞ்சு அம்புக்குறி போட்டு கண்ணாடி பக்கத்துல ஒட்டி வைங்க, சின்னப் பிள்ளைத்தனமா தோணும், ஆனா பத்து நாள்ல கை தானா அந்த வழிக்கு வந்துடும்.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். குளிச்சு முடிச்சதும் ஷேவ் பண்ணுங்க, இல்லாட்டி ரெண்டு மூணு நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணில தாடியை நல்லா ஊற விடுங்க, ஊறின முடியை வெட்ட காய்ஞ்ச முடியை விட ரொம்ப கம்மியா பலம் போதும். ரேஸர் தலையோட மேல்பக்கத்தை கன்னத்துல வச்சு, கைப்பிடியை மெல்ல கீழ இறக்கிட்டே வாங்க, எந்த இடத்துல வெட்டுற சத்தம் வருதோ அங்க நிறுத்துங்க, அது கிட்டத்தட்ட 30 டிகிரி இருக்கும். சத்தம்னு சொன்னேன்ல, அதை நல்லா கேளுங்க, சரியா போனா மெல்லிசா சரசரன்னு ஒரே சீரா வரும், அது நின்னு நின்னு வந்தா சாய்வு மாறிடுச்சுன்னு அர்த்தம். இந்த மாசம் முழுக்க முடி வளர்ற பக்கமா ஒரு தடவை, திரும்ப நுரை போட்டு குறுக்கால ஒரு தடவை, அவ்வளவு தான். எதிர்ப்பக்கமா கழுத்துல வேண்டவே வேண்டாம். லேசா சுரசுரப்பு மிச்சம் இருக்கும், இருக்கட்டும்.

ப்ளேடு மாட்டும்போது ஒரு விஷயம் பாருங்க, நிறைய பேர் இதை விட்டுடறாங்க. கூர் இல்லாத அந்தக் குட்டைப் பக்கத்துல புடிச்சு வச்சு, இறுக்கின அப்புறம் ரேஸரை மேலருந்து பாருங்க, ரெண்டு பக்கமும் ப்ளேடு ஒரே அளவுக்குத் தெரியணும். ஒரு பக்கம் அதிகமா நீட்டிட்டு இருந்தா அந்தப் பக்கம் கடிக்கும், இந்தப் பக்கம் வெட்டவே வெட்டாது. நல்லா இருந்த நாள், மோசமா இருந்த நாள்னு எழுதியிருக்கீங்களே, அதுல பாதி இதனால கூட இருக்கலாம், ஏன்னா நீங்க தினம் கழட்டி மாட்டிட்டு இருந்தீங்க.

ஒரு ப்ளேடு எத்தனை தடவைன்னு கேட்டீங்க. அமெரிக்கத் தோல் டாக்டர்களோட சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் டெர்மட்டாலஜி 5-லருந்து 7 ஷேவுக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. பழகுற காலத்துல என் கணக்கு நாலு, நாலு முடிஞ்சதும் நல்லா இருந்தாலும் மாத்திடுங்க, அப்ப தான் தேய்ஞ்ச ப்ளேடுங்கற சந்தேகமும் போகும். இதுல ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு, 2020-ல அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடி பல்கலைக்கழகத்துல தாடி முடியை ப்ளேடு வெட்டுறதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள்ள வச்சே பாத்தாங்க. ஸ்டீல் முடியை விட 50 மடங்கு கடினம், இருந்தாலும் முடி கூரை உடைக்குது. மெல்ல மெல்ல மழுங்குறது மட்டும் இல்ல, அங்கங்க துளித்துளியா சில்லு பேர்ந்து போகுது. முடி செங்குத்தா நின்னு வெட்டுப்படும்போது இது நடக்கல, முடி வளைஞ்சு கொடுத்து, ஸ்டீல்ல பலவீனமான ஓரத்துல மோதும்போது தான் நடந்துது. நாலாவது நாள் ஒரே ஒரு இடத்துல மட்டும் கீறுதுன்னு சொல்றவங்க கற்பனை பண்றதில்ல, கூர் ஓரத்துல ஒரு இடம் மட்டும் போயிருக்கலாம். முடிஞ்சதும் ப்ளேடைத் துண்டால துடைக்காதீங்க, கூர் மேல இருக்கிற பூச்சு கெடும், கையும் வெட்டும். தண்ணில அலசி, உதறி, காத்தோட்டமா நிக்க வச்சா போதும்.

ஒரு மாசம் கழிச்சு, தொடர்ந்து அஞ்சாறு ஷேவ் எரிச்சல் இல்லாம போச்சுன்னா, அப்ப அந்த சாம்பிள் பாக்கெட்டை இறக்குங்க. அதே ரேஸர், அதே சோப்பு, அதே ரெண்டு தடவை. ஒவ்வொரு ப்ளேடையும் குறைஞ்சது மூணு ஷேவுக்கு வச்சுப் பாருங்க, முதல் ஷேவை வச்சு முடிவு பண்ணாதீங்க, சில ப்ளேடு முதல் நாள் கொஞ்சம் கரகரன்னு இருந்துட்டு ரெண்டாவது நாள் தான் மென்மையாகும். இழுத்துதா, கழுத்து சாயங்காலம் எப்படி இருந்துச்சு, இது ரெண்டை மட்டும் எழுதி வைங்க. இழுக்கவே இல்ல ஆனா எரியுதுன்னா உங்களுக்கு அது கூர் அதிகம், இழுத்தும் எரியுதுன்னா கூர் பத்தல. ஃபெதரைக் கடைசியா போடுங்க, அப்ப உங்களுக்கே பயம் இருக்காது. ஒத்துவந்த ப்ளேடு கிடைச்சதும் ஒரே தடவைல பெருசா வாங்காம முதல்ல சின்ன பாக்கெட் ஒண்ணு வாங்கி, அதே மாதிரி இருக்கான்னு பாருங்க, பேர் போன ப்ளேடுகள்ல போலியும் சுத்துது.

இவ்வளவும் பண்ணி ஒரு மாசம் ஆகியும் கழுத்துல பொரி அடங்கல, சீழ் வைக்குது, இல்லாட்டி முடி தோலுக்குள்ளயே சுருண்டு வளருதுன்னா ஷேவ் பண்றதைக் கொஞ்ச நாள் நிறுத்திட்டு தோல் டாக்டரைப் பாருங்க, சுருட்டை முடி இருக்கிறவங்களுக்கு இது அதிகமா வரும், அதை ப்ளேடு மாத்திச் சரி பண்ண முடியாது.

அப்புறம் பழைய ப்ளேடு. குப்பைல அப்படியே போட்டுடாதீங்க தம்பி, குப்பை அள்ளுறவங்க கையைக் கிழிச்சுடும். மூடியோட இருக்கிற தகர டப்பா ஒண்ணு எடுத்து மேல ப்ளேடு நுழையற அளவுக்கு ஒரு கீறல் போட்டு, மூடியை டேப் வச்சு ஒட்டிடுங்க. நாலு ஷேவுக்கு ஒண்ணுன்னு போட்டாலும் அது நிறைய வருஷக்கணக்காகும், நிறைஞ்சதும் கீறலையும் ஒட்டி, மேல "ப்ளேடு"ன்னு பெருசா எழுதி, பழைய இரும்பு எடுக்கறவங்ககிட்ட சொல்லிக் கொடுங்க.