எழுதி வாங்கிய பத்திரம் விவாகரத்து ஆகாது
வாசகர் சட்டக் கேள்விகள்

கேள்வி: என் மகள் கணவரைப் பிரிந்து இரண்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறாள். போன வருஷம் இரு வீட்டாரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, ‘இனி ஒருவருக்கொருவர் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று பத்திரத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நகையும் திரும்பி வந்துவிட்டது. நோட்டரி முத்திரை இருக்கிறது. இப்போது நல்ல வரன் வந்திருக்கிறது. நிச்சயம் பண்ணலாமா?
– பெயர் வேண்டாத வாசகி, குடியாத்தம்

பதில்: பண்ணாதீர்கள் அம்மா. சட்டப்படி உங்கள் மகள் இன்னும் அவருடைய மனைவிதான். நோட்டரி முத்திரை, கையெழுத்துப் போட்டது இன்னார் என்பதற்குத்தான் சாட்சி. கல்யாணத்தை முறிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. இந்து திருமணச் சட்டம் (1955) 29-வது பிரிவு, வழக்கப்படி கல்யாணத்தைத் தீர்த்துவிடும் சமூகங்களுக்கு இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இடைவிடாமல் இருந்து வருகிறது என்று கோர்ட்டில் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். பத்திரம் எழுதிய பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான்.

இதை நம்பி மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. முதல் கணவர் மனம் மாறிப் புகார் கொடுத்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 82-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஊர்ப் பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் நாளைக்குக் கூண்டில் ஏறப்போவது உங்கள் மகள்.

அதற்காகப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறார்கள், எத்தனை பவுன் திரும்பி வந்தது என்பதற்கு அது ஆதாரம். மாப்பிள்ளை வீட்டார் இப்போதும் இணக்கமாக இருந்தால், அடுத்த பதிலில் உள்ளபடி இருவரும் சேர்ந்து மனுப் போடச் சொல்லுங்கள். தீர்ப்பு கைக்கு வந்த பிறகு வரன் பேசலாம்.

கேள்வி: நானும் மனைவியும் மனமொத்துப் பிரிய முடிவு செய்துவிட்டோம். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. ஆறு மாதம் கட்டாயம் காத்திருக்க வேண்டுமா? பேசிய பணத்தை எப்போது கொடுப்பது?
– வாசகர், காட்பாடி

பதில்: பதிவு இல்லாதது தடையில்லை. கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, இருவரின் ஆதார் போதும். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது இருக்கும் ஊர், இவற்றில் எந்த ஊருக்கு உரிய நீதிமன்றத்திலும் போடலாம். குடும்பநல நீதிமன்றம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் சார்பு நீதிமன்றத்தில். பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், கல்யாணம் ஆம்பூரிலோ ஆற்காட்டிலோ நடந்திருந்தால் எந்த நீதிமன்ற எல்லை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை தவறினால் மனு திரும்பி வரும்.

மனமொத்த விவாகரத்துக்கான இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவு கேட்பது, மனுப் போடும் நாளுக்கு முன் குறைந்தது ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்பது. ஒரே வீட்டில் இருந்தும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றாலும் அது பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொல்லியிருக்கிறது. மனுப் போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி ஆஜராகி, முடிவில் மாற்றமில்லை என்று நீதிபதியிடம் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்காது. மனுப் போடும்போதே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும். சமரசப் பேச்சு பலிக்காமல் போயிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் என்பதெல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும்.

பணத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தீர்ப்புக்கு முன்னால் எந்த நிமிஷமும் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். கடைசியில் தருகிறேன் என்றால் அவர் நம்ப மாட்டார். ஒரு பகுதியை மனுப் போடும் நாளிலும் மீதியைத் தீர்ப்பு நாளில் நீதிபதி முன்னிலையிலும் டிமாண்ட் டிராஃப்டாகக் கொடுங்கள். டிராஃப்ட் எண்ணும் தேதியும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். ரொக்கம் வேண்டவே வேண்டாம். நகையைப் பவுன் கணக்கோடு ஒவ்வொன்றாக எழுதுங்கள்; ‘எல்லாம் பெற்றுக்கொண்டோம்’ என்ற ஒற்றை வரி பிறகு சண்டையாகும். வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அது விவாகரத்தோடு தானாக முடியாது, ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போக வேண்டும். ‘குழந்தைக்குச் செலவுப் பணம் வேண்டாம்’ என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது.

கேள்வி: சித்தூரில் இருக்கும் கணவர் அங்கேயே விவாகரத்து மனுப் போட்டிருக்கிறார். தபாலை வாங்காதே என்கிறார்கள் உறவினர்கள். என்னிடம் வக்கீல் வைக்கப் பணமில்லை.
– வாசகி, வேலூர்

பதில்: வாங்கிவிடுங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதித் திருப்பினால், நோட்டீஸ் சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் போகாத வாய்தாவில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடும். அதை நீக்கக் கேட்க 30 நாள்தான் உண்டு.

வழக்கை வேலூருக்கு மாற்றக் கேட்கலாம். சித்தூர் பக்கத்து ஊர்தான் என்றாலும் மாநிலம் வேறு. ஆகவே மனு உச்ச நீதிமன்றத்தில். தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறு ஊர் என்றால் சென்னை உயர் நீதிமன்றம் போதும். பணத்துக்குக் கவலைப்படாதீர்கள். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் பெற உங்களுக்கு உரிமை உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நோட்டீஸோடு நேரில் போய் மனுக் கொடுங்கள். விவாகரத்து வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேளுங்கள். இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020 முதல் உச்ச நீதிமன்றத்தின் கட்டளை. அவருடைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண், வண்டிப் பதிவு எண் எது கிடைத்தாலும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். அவர் வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் மறுக்க அதுதான் உதவும்.

கேள்வி: என் தங்கைக்கு ஒரு ஷரியத் கவுன்சில் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அது செல்லுமா?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: செல்லாது. குலா கேட்கும் உரிமை உங்கள் தங்கைக்கு உண்டு. ஆனால் அதைச் சான்றளிக்கத் தனியார் அமைப்புக்கு அதிகாரமில்லை, குடும்பநல நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. கணவர் 2 ஆண்டு செலவுக்குத் தராமலோ, 4 ஆண்டு இருக்குமிடம் தெரியாமலோ போயிருந்தால், 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலேயே நேரடியாக வழக்குப் போடலாம். நிக்காஹ் பதிவேட்டின் நகலை ஜமாத்திலிருந்து முதலில் வாங்கி வையுங்கள்.