டவர் போன பிறகும் ஓடும் செயலிகள்: கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்துகிறேன். வகுப்பில் இலவசச் செயலிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று நீலகிரி, கொடைக்கானல் இரண்டு மலையிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான், டவர் போன பிறகும் அது ஓடுமா? ஓடாது என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு இரண்டாம்பட்சம்.

பந்தலூரிலிருந்து ஓர் ஆசிரியை: டீச்சர், ஜூன் பிறந்தால் எங்களுக்கு நெட்டும் இல்லை, கரண்டும் இல்லை. எதை நம்பி எதை இறக்குவது?

முதலில் கிவிக்ஸ். தமிழ் விக்கிப்பீடியா மொத்தத்தையும் ஒரே கோப்பாகப் போனில் இறக்கி வைத்துக்கொள்ள உதவும் செயலி இது. படங்களோடு வேண்டுமென்றால் கோப்பு பெரிது, ஊருக்குப் போகும்போது நல்ல வைஃபை கிடைக்கிற இடத்தில் இறக்கிவிடுங்கள். பலருக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், அதே செயலியின் மெனுவில் புத்தகங்களை மற்றவர்களுக்குப் பகிரும் வசதி ஒன்று உண்டு. உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதை இயக்கினால் திரையில் ஒரு முகவரி வரும், அதைப் பக்கத்தில் இருக்கும் மடிக்கணினியின் பிரவுசரில் அடித்தால் விக்கிப்பீடியா திறக்கும். ஒரு எம்பி டேட்டா கூடச் செலவாகாது. எங்கள் பள்ளியில் மூன்று பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன, ஒன்றுக்கு நான்கு பிள்ளைகள் என்று உட்காரவைத்து, வெளியே மழை கொட்டும்போது "கடலே இல்லாத நாடுகளைத் தேடு" என்று விட்டால் ஒரு பீரியட் போவதே தெரியாது.

அப்புறம் பெட் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது, ஆரம்பித்தவர் நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் கார்ல் வைமன். ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறங்கும், பிறகு நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். சிலது தமிழிலும் இருக்கிறது. மின்சுற்று கட்டுவதை மட்டுமாவது இறக்கி வையுங்கள், பல்பு எத்தனை தடவை ஃபியூஸ் போனாலும் யாரும் பில் கேட்க மாட்டார்கள்.

மஞ்சூரிலிருந்து: என்னிடம் இருப்பது ஒரே போன், என்னுடையது. வகுப்பில் 34 பேர். வினாடி வினா நடத்த வழி உண்டா?

பிளிக்கர்ஸ். பிள்ளைகள் கையில் அட்டை மட்டும் போதும். ஒவ்வொரு அட்டையிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம் இருக்கும், நான்கு பக்கத்துக்கும் நான்கு விடை. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும், நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு வீச்சு வீசினால் யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒருவர் அட்டை மாதிரி இன்னொருவர் அட்டை இருக்காது, அதனால் எட்டிப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது.

ஒரு அனுபவம். அட்டை கிழியக் கூடாதே என்று எல்லாவற்றையும் லேமினேட் செய்துகொண்டு போனேன். டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பளபளத்து, கேமராவுக்குப் பாதி அட்டை தெரியவே இல்லை. இப்போது சாதாரணத் தாளில் அச்செடுத்துப் பழைய மாதக் காலண்டர் அட்டையில் ஒட்டியிருக்கிறேன், இரண்டு வருடமாகத் தாங்குகிறது. இதற்கு உங்கள் போனில் மட்டும் நெட் வேண்டும், இலவசக் கணக்கில் கேள்விகளுக்கு ஒரு வரம்பும் உண்டு. என் அளவுகோலில் இது அரை மதிப்பெண்தான், ஆனாலும் விட மனசில்லை.

குன்னூரிலிருந்து: புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடு பாதி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வகுப்பில் வைத்துத் திறக்காதீர்கள். முந்தின நாள் இரவு வீட்டில் தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்து, பாடத்தை இறக்கி வைத்துவிட்டால் மறுநாள் நெட் தேவையில்லை.

வெலிங்டனிலிருந்து: போனை வைத்தே அறிவியல் சோதனை செய்யலாம் என்கிறார்களே, நிஜமாகவா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலி, ஜெர்மனியில் ஆகன் நகரத்துப் பல்கலைக்கழகம் செய்தது, முழுக்க இலவசம், நெட்டும் வேண்டாம். போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் சென்சார்களை அளவுகோலாக மாற்றித் தரும்.

நம் நீலகிரி மலை ரயில் பல்சக்கரப் பாதையில் அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அது எத்தனை டிகிரி என்று கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் முப்பது, நாற்பது என்பார்கள். டேஞ்சன்ட் அட்டவணையைப் பார்த்தால் 4 டிகிரி 46 நிமிடம், ஐந்து கூட இல்லை! நம்ப மாட்டேன் என்று ஒருவன் அடம்பிடித்தான். குன்னூரிலிருந்து இறங்கும்போது பெட்டியின் தரையில் போனை வைத்துச் சாய்வை அளந்தோம், குலுங்குகிற குலுக்கலில் எண் மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே ஆடியது, ஒரு நிமிடப் பதிவின் சராசரி எடுத்தபோது ஐந்தை ஒட்டி வந்து நின்றது. அவன் அதற்கப்புறமும் போனில்தான் கோளாறு என்றான், அது வேறு கதை.

காற்றழுத்த சென்சார் உள்ள போன் கிடைத்தால் இன்னும் விசேஷம். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருக்காது, ஃபைஃபாக்ஸைத் திறந்தாலே இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பதிவை ஓடவிட்டேன். மேலே 800 சொச்சம் ஹெக்டோபாஸ்கல், கீழே இறங்கியபோது 970 சொச்சம். கோடு ஏறிக்கொண்டே வந்து நடுவில் ஓரிடத்தில் மட்டும் சமமாகக் கிடந்தது. வகுப்பில் அந்த வரைபடத்தைப் போட்டதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர், அது குஞ்சப்பனை, பஸ் நின்னிருக்கும்" என்றாள். வரைபடத்தைப் படிப்பது என்றால் என்ன என்று அதற்கு மேல் நான் எதைச் சொல்லித்தர? மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது ஏன் உப்பிக்கொள்கிறது என்பதையும் அதே கோட்டில் காட்டிவிடலாம்.

மன்னவனூரிலிருந்து: எங்கள் கொடைக்கானல் மலையில் பறவை, செடி அடையாளம் காண எது நல்லது சார்?

சார் இல்லை, டீச்சர்! பறவைக்கு மெர்லின், இந்தியப் பறவைகளின் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்தால் காட்டுக்குள்ளும் வேலை செய்யும். செடி, பூச்சிக்கு சீக். கணக்குத் தொடங்க வேண்டாம், பெயர் கேட்காது, அதனால் பிள்ளைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

ஆனால் செயலி சொன்ன பெயரை அப்படியே நோட்டில் எழுத விடாதீர்கள். சோலைக்கிளியையே எடுத்துக்கொள்ளுங்கள், பெயரில்தான் கிளி, சோலைக்காட்டில் இருக்கும் ஒரு சின்னப் பறவை அது, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே எங்கள் நீலகிரியில் இருப்பது ஓர் இனம், தெற்கே உங்கள் பழனி மலையில் இருப்பது வெள்ளை வயிறுள்ள வேறோர் இனம். செயலி நீலகிரிப் பறவையின் பெயரை உங்களுக்குக் காட்டினால், "இது இங்கே எப்படி வந்தது?" என்று பிள்ளைகளைக் கேட்க வைத்தீர்கள் என்றால் அதுதான் பாடம்.

கட்டபெட்டிலிருந்து: வீட்டில் படுகு பேசும் பிள்ளைகள், மூன்றாம் வகுப்பு. தமிழ் வாசிக்கத் திணறுகிறார்கள்.

ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய, வாசிப்பு நிலை பிரித்தே வைத்திருக்கிறார்கள், பிடிஎஃப் ஆக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், உரிமத்திலேயே அதற்கு அனுமதி உண்டு. முதல் நிலையில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து, ஊரில் ஒரு பாட்டியிடம் அதைப் படுகுவில் சொல்லச் சொல்லிப் போன் ரெக்கார்டரில் பதிந்துகொள்ளுங்கள். முதலில் அதைக் கேட்கட்டும், கதை தெரிந்த பிறகு தமிழ் வரியைக் கொடுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த கதையை வாசிப்பது பிள்ளைக்குப் பாதிச் சுமைதான்.

ஊட்டியிலிருந்து: வகுப்பு வீடியோக்களைப் பெற்றோர் குழுவில் போடலாமா? இலவசம் என்று சொல்லிவிட்டுப் பிறகு பணம் கேட்கும் செயலிகளை என்ன செய்வது?

பிள்ளைகளின் முகம், முழுப்பெயர் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான், பெற்றோர் சம்மதம் முக்கியம். அட்டையை, வரைபடத்தை, கைகளை மட்டும் படம் எடுங்கள்.

இலவசச் செயலியை நம்பி நானே சூடுபட்டவள். ஒரு செயலியில் மூன்று வருடக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன், ஒருநாள் சேவையை நிறுத்துகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது, நான் அதைப் பார்த்தபோது கெடு முடிந்திருந்தது. இப்போது எந்தக் கேள்வியானாலும் முதலில் ஓர் எக்செல் தாளில், அப்புறம்தான் செயலியில்.

தாண்டிக்குடியிலிருந்து ஒரு மூத்த ஆசிரியர்: ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது அம்மா. இவ்வளவும் எனக்கு எதற்கு? ஒன்றே ஒன்று சொல்.

எதையும் இறக்க வேண்டாம் ஐயா. உங்கள் போன் கேமராவில் ஸ்லோமோஷன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சொட்டுகிற தண்ணீரை அதில் படம் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மழைத்துளி என்றால் மேலே கூம்பாக, கீழே குண்டாகத்தான் எல்லோரும் வரைவார்கள். படத்தில் அது கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக விழும். தண்ணீர் சொட்டுவதற்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், எங்கள் ஒன்பதாம் வகுப்பு ஓட்டுக் கூரையில் மூன்று இடத்தில் சொட்டுகிறது, உங்கள் பள்ளியில் ஓரிடமாவது இருக்கும்.