பின் வாங்கு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஆசிரியையாக இருக்கிறேன். சிறு வயதில் ஒரு ஞாயிறும் தவறாமல் ஆராதனைக்குப் போனவள், கடந்த இரண்டு வருடங்களாக நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டுமே போகிறேன். எங்கள் கோயிலில் ஸ்டாப் (தோட்ட உத்தியோகத்தர்) குடும்பங்கள் முன் வாங்குகளிலும் (நீள இருக்கைகளிலும்) லயத்து (வரிசை வீட்டுத் தொழிலாளர்) சனங்கள் பின் வாங்குகளிலும் அமரும் பழக்கம் இன்றும் இருக்கிறது. ஒருநாள் முன்னால் போய் அமர்ந்துவிட்ட அம்மாவை ஒருவர் எழுப்பிப் பின்னால் அனுப்பினார். அன்றோடு எனக்கு விட்டுப்போயிற்று. வீட்டில் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், நல்ல பிரசங்கங்களைத் தொலைபேசியில் கேட்கிறேன். கடவுள் எங்கும் இருக்கிறார் அல்லவா? அம்மா மட்டும் இன்றும் வாராவாரம் போகிறார், என்னையும் கூப்பிடுகிறார். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போவது ஒரு கிறிஸ்தவருக்கு உண்மையிலேயே அவசியமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

உங்கள் அம்மாவை எழுப்பி அனுப்பியது பாவம். அதைப் பழக்கம் என்றோ, ஏதோ ஒரு மனிதர் அவசரத்தில் செய்தது என்றோ நான் மெழுகப்போவதில்லை. ஏழையைப் பார்த்து, 'நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு' என்று சபைக்குள் சொல்வதை யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலே நேரடியாகவே கண்டிக்கிறார். ஆகவே உங்கள் கோபம் விசுவாசக் குறைவினால் வந்தது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தக் கோபத்திலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பவுல் அப்போஸ்தலர் காலத்துக் கொரிந்து சபையில் நடந்தது உங்கள் கோயிலில் நடந்ததைவிடக் கொடியது. திருவிருந்துக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே வந்து உண்டு குடித்து முடித்துவிட, இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு நின்றார்கள். அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடிந்து பிந்தி வந்திருப்பார்கள் என்று வேத அறிஞர் பலர் விளக்குகிறார்கள். கொழுந்து நிறுத்து முடியுமட்டும் காத்து நின்று பழகிய நம் சனங்களுக்கு இந்த விளக்கத்தை யாரும் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 'தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா' என்று பவுல் சினந்து எழுதுகிறார். அத்தனை சினத்துக்குப் பிறகும், மானமுள்ளவர்கள் வீட்டிலிருந்தே ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதவில்லை. 'நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்றுதான் எழுதினார்.

ஒழுங்காகக் கோயிலுக்குப் போவதைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும். நாம் வருவோம் என்று தெரிந்தால்தான் ஒருவர் நமக்காகக் காத்திருக்க முடியும். வருடத்துக்கு இரண்டு தரம் வருகிறவர் வராவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். வாராவாரம் வருகிறவர் ஒரு ஞாயிறு வராவிட்டால், ஆராதனை முடிந்ததும் லயத்து வாசலில் யாராவது ஒருவர் வந்து நின்று, 'என்ன, மேலுக்கு முடியலியா?' என்று கேட்பார்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மனைவி இறந்த பிறகு பல மாதங்கள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் தெரியும், ஒன்றும் உள்ளே இறங்காது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்கில் உட்காருவேன். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது என் வாய் மூடியே இருக்கும். பக்கத்தில் கொழுந்தெடுக்கும் ஒரு வயோதிப அம்மா இருப்பார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர், பாமாலைப் பாட்டுகளை மனப்பாடமாகவே பாடுவார். ஒரு ஞாயிறு காணிக்கைப் பை வந்தபோது நான் ஒன்றும் கொண்டுவராமல் விழித்துக்கொண்டிருந்தேன். அவர் சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். இரண்டு நாணயங்கள் இருந்தன. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, முன்னே பார்த்துக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தார். அன்று நான் போட்ட காணிக்கை அவருடையது. அந்த மாதங்களில் எனக்கிருந்த விசுவாசமும் அவரைப் போன்றவர்களுடையதுதான்.

தொலைபேசியில் நீங்கள் கேட்கும் பிரசங்கம் எங்கள் போதகருடையதைவிடச் சிறந்ததாகவே இருக்கலாம். 2020 இல் கோயில்கள் மூடப்பட்டிருந்தபோது நானும் அப்படித்தான் கேட்டேன், நன்றியோடு கேட்டேன். ஆயினும் அந்தப் பிரசங்கியாருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் கண்ணீரோடு கேட்டாலும் நடுவில் நிறுத்திவிட்டுத் தேநீர் ஊற்றப் போனாலும் அவருக்கு ஒன்றுதான். ஒருவரையொருவர் தாங்குங்கள், ஒருவருக்கொருவர் மன்னியுங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள் என்று புதிய ஏற்பாடு கட்டளையிடுகிறதே, இவற்றில் எதையும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே நிறைவேற்ற முடியாது. கடவுள் எங்கும் இருக்கிறார் என்பது மெய். ஆனால் அந்த 'ஒருவர்' எங்கும் இருப்பவர் அல்லர். அவர் இன்ன வாங்கில், இன்ன நேரத்தில் இருக்கிறார்.

மனம் வந்தால் போகலாமே, ஏன் வாராவாரம் என்று நீங்கள் கேட்கக்கூடும். தோமாவை நினைத்துப் பாருங்கள். உயிர்த்த நாள் மாலையில் ஆண்டவர் சீஷர்களிடம் வந்தபோது அவர் அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதை நம்பவும் இல்லை. அப்படியிருந்தும் எட்டு நாட்களுக்குப் பின் அவர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தார். நம்பிக்கை வந்த பிறகு வருகிறேன் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தால், யோவான் 20 ஆம் அதிகாரத்தின் இரண்டாம் பாதி வேறு விதமாக இருந்திருக்கும். மற்றவர்களும் அவரை வெளியே நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஞாயிறு ஓய்வுநாளாக இருப்பதால்தான் நாம் கூடுகிறோம் என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். ரோமப் பேரரசில் ஞாயிற்றை ஓய்வுநாளாக்கிக் கொன்ஸ்தாந்தீன் ஆணையிட்டது 321 இல். அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன், சுமார் 112 இல், ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். அவர்களுள் பலர் பாட்டு முடிந்ததும் வேலைக்குப் போகவேண்டியவர்களாக இருந்திருப்பார்கள். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) முன் எழுந்த கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் கோப்பித் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்த்த நம் முன்னோரும் இத்தகைய உழைப்பாளிகளே. ஞாயிறும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க அழைப்பு வரும் பருவத்தில், இரண்டு மணி நேரக் கூலியை விட்டுவிட்டுக் கோயிலில் அமர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

வர முடியாதவர்களை இதில் சேர்த்துக் குற்றப்படுத்த மாட்டேன். ஆஸ்பத்திரியில் கடமையில் இருக்கும் தாதி, கொழும்பில் காவல்வேலை பார்க்கும் பையன், கோயிலே இல்லாத நாட்டில் பணிப்பெண்ணாக இருக்கும் தாய், படுக்கையில் கிடப்பவர் ஆகியோரைப் போன்றவர்களை மறவாமல்தான், திருவிருந்தின் பங்கை வராதவர்களுக்கு உதவிக்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் எழுதிவைத்தார். ஆனால் நீங்கள் வர முடியாதவர் அல்லர்.

அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன் உங்கள் போதகரைச் சந்தித்து, அம்மாவுக்கு நடந்ததை நேரில் சொல்லுங்கள். முதலாம் கொரிந்தியர் 11 ஆம் அதிகாரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். ஓர் ஆசிரியை சொன்னால் சபைக்குழு கேட்டாக வேண்டும்; லயத்துச் சனங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எத்தனை தரம் சொல்லியும் மாறாவிட்டால் அம்மாவோடு வேறொரு சபைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். எழுப்பி அனுப்பப்பட்டவர் அம்மா. அவர் ஏன் இன்னும் போகிறார் என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை, அவரிடமே கேளுங்கள். இந்த இரண்டு வருடங்களாக அந்தப் பின் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் கேளுங்கள்.