குழந்தைக்கு எச். பைலோரி பாசிட்டிவ் என்றால் உடனே ஆன்டிபயாடிக் வேண்டுமா?

கேள்வி இதுதான்: 7 வயதுக் குழந்தைக்கு அடிக்கடி வயிற்று வலி, ரத்தப் பரிசோதனையில் எச். பைலோரி (இரைப்பையில் தங்கும் ஒரு பாக்டீரியாக் கிருமி) பாசிட்டிவ். மருந்து தொடங்கலாமா?

அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்துத் தொடங்க வேண்டாம். ரத்தத்தில் தெரிவது ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள். கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில் நீடிக்கும். கிருமி உண்மையிலேயே இருந்தாலும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொந்தரவு வருவதில்லை. தொப்புளைச் சுற்றி வந்து போகும் வலிக்கு அநேகமாக வேறு காரணம் இருக்கும்.

தூக்கத்தைக் கலைக்கும் வலி, விடாத வாந்தி, எடைக் குறைவு, இரும்புச்சத்து மருந்துக்கும் தீராத ரத்தசோகை இருந்தால் குழந்தைகளுக்கான இரைப்பை, குடல் நிபுணரிடம் காட்டுங்கள். ரத்த வாந்தியோ, தார் போன்ற கறுப்பு மலமோ வந்தால் உடனே மருத்துவமனைதான். கிருமியை உறுதிசெய்ய எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்து திசு எடுத்துப் பார்ப்பதே சரியான வழி. எந்த ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி அடங்கும் என்பதையும் அதிலேயே சோதிக்கலாம்.

சிகிச்சை வழக்கமாக 14 நாள்: அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு ஆன்டிபயாடிக், எடைக்கேற்ற அளவில். ஒமெப்ரசோல் போன்றவற்றைச் சாப்பாட்டுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு கொடுக்க வேண்டும். பின்னால் கொடுத்தால் பலன் குறையும். பலரும் சறுக்குவது நடுவில்தான். வலி அடங்கியதும் மருந்தை நிறுத்திவிடுவார்கள், தப்பிய கிருமி அதே மருந்துக்கு அடங்காமல் போகும். வாய்க்கசப்பு, லேசான பேதிக்காக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிருமி போய்விட்டதா என்று மலப் பரிசோதனையிலோ மூச்சுப் பரிசோதனையிலோ பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம், அமில மருந்தை நிறுத்தி 2 வாரம் கழிந்திருக்க வேண்டும். அதற்குள் பார்த்தால் கிருமி இருந்தும் நெகட்டிவ் என்று வரலாம்.