பெட்ரோல் காரின் பார்ட்டிகுலேட் ஃபில்டர் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வாரம் ஒருமுறை ஆட்டோபானில் (ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையில்) விரட்டி ஓட்டியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கேள்வி கேட்டவர் ஜெர்மனியில் வசிக்கிறார். 2019-இல் தயாரான டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். அலுவலகம் 4 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. டீசல் கார் வைத்திருக்கும் நண்பர்கள், வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் வேகமாக ஓட்டாவிட்டால், புகையிலுள்ள கரித்துகள்களைப் பிடிக்கும் இந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், மாற்றப் பெருந்தொகை ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அறிவுரை டீசல் காருக்குச் சரியானது. பெட்ரோல் காரின் ஃபில்டர் வேறு விதமாகச் சுத்தமாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, கியர் விழுந்திருக்கும் நிலையிலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான் அதற்கு முதன்மையான தேவை; வேகம் அதற்கு அடுத்தபடிதான். ஜெர்மனியில் வாழும் நம்மவர்கள் பலரும் இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் வீணாகக் கவலைப்படுவதைப் பார்க்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஃபில்டர் பெட்ரோல் காருக்கு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின்கள் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டாலும், பீய்ச்சப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாக நேரமில்லாமல் பிஸ்டனின் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் படிந்து, அங்கே காற்று போதாமல் எரிந்து கரியாகிறது. அக்கரித்துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை. எடையில் அற்பம், எண்ணிக்கையில் ஏராளம். அதனால்தான் ஐரோப்பிய யூரோ 6 விதி எடையோடு எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. 2014 செப்டம்பரில் தொடங்கியபோது இத்தகைய பெட்ரோல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 6 லட்சம் கோடித் துகள்கள் வரை சலுகை இருந்தது. 2017 செப்டம்பரிலிருந்து புதிய மாடல்களுக்கும், அடுத்த ஆண்டு செப்டம்பரிலிருந்து விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது 60 ஆயிரம் கோடியாக, அதாவது பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. சோதனைக்கூடத்தில் மட்டுமல்லாமல் சாலையில் ஓட்டியும் அளக்கும் முறையும் அதே காலத்தில் வந்துவிட்டதால், தயாரிப்பாளர்கள் பெரும்பாலோர் ஃபில்டரைப் பொருத்தும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளி வாசலில் வரிசையாக நிற்கும் கார்களின் புகைக்குழாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்குச் சற்று மேலேதான் குழந்தைகளின் மூக்கும் இருக்கிறது. ஆகவே இதை ஓட்டுநருக்கு வந்த தொல்லையாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஃபில்டர் என்பது கார்டியரைட் என்னும் பீங்கான் வகையில் செய்த உருளை. தேன்கூட்டைப் போல நெடுக ஆயிரக்கணக்கான நுண்குழல்கள். ஒன்றுவிட்டு ஒன்று முன்பக்கமோ பின்பக்கமோ அடைக்கப்பட்டிருக்கும். ஒரு குழலில் நுழையும் புகை, அதன் நுண்துளைச் சுவரைக் கடந்துதான் பக்கத்துக் குழலின் வழியாக வெளியேற முடியும். கரி சுவரில் தங்கிவிடும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். அதையும் ஓட்டும் விதத்தையும் வைத்து, உள்ளே எத்தனை கிராம் கரி சேர்ந்திருக்கிறது என்று இன்ஜினின் கணினி கணக்கிடுகிறது. சேர்ந்த கரி எரிந்து ஃபில்டர் மீண்டும் திறப்பதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறோம்.

கரி எரிய இரண்டு வேண்டும்: ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம், கூடவே ஆக்சிஜன். டீசல் இன்ஜினின் புகையில் ஆக்சிஜன் எப்போதும் மிச்சமிருக்கும். ஆனால் சாதாரண நகர ஓட்டத்தில் அந்தப் புகை அவ்வளவு சூடாக இருக்காது. எனவே கூடுதலாக டீசலைப் பீய்ச்சிச் சூட்டை ஏற்ற வேண்டியிருக்கிறது, அது முடியும்வரை கால் மணி நேரமாவது நிற்காமல் ஓட்ட வேண்டியிருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் நிலைமை தலைகீழ். புகை சூடாகவே வரும். நெடுஞ்சாலையில் சற்று அழுத்தி ஓட்டினால் 600 டிகிரியைத் தானாகவே தாண்டிவிடும். ஆனால் நச்சு வாயுக்களைச் சுத்திகரிக்கும் மூவழி கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்வதற்காகக் காற்றும் பெட்ரோலும் சரிவிகிதத்தில் எரிக்கப்படுவதால், புகையில் ஆக்சிஜன் ஏறக்குறைய இருக்காது. சூடான கரி காற்றுக்காகக் காத்திருக்கிறது என்றே சொல்லலாம். கியரில் ஓடும்போது நாம் காலை எடுத்தவுடன் கணினி பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றுகின்றன. இன்ஜின் வெறும் காற்றை உறிஞ்சி ஃபில்டருக்குள் தள்ளுகிறது. அந்தச் சில நொடிகளில் கரி எரிகிறது.

இதை நான் ஸ்டுட்கார்ட்டில் கண்கூடாகப் பார்த்தேன். டாஷ்போர்டுக்குக் கீழே, இன்ஜின் கணினியின் தகவல்களைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சிறிய புளூடூத் கருவியைச் செருகி, ஃபில்டரின் வெப்பநிலையையும் கணக்கிடப்பட்ட கரியின் எடையையும் பக்கத்து இருக்கையில் இருந்த மனைவியின் கைப்பேசியில் வரும்படி செய்திருந்தேன். விமான நிலையப் பக்கமிருந்து பி27 சாலையில் வரும்போது எண்கள் அப்படியே நின்றன. வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. டெகர்லோக் பகுதியைத் தாண்டி, நகரம் கிடக்கும் பள்ளத்தை நோக்கி நோயே வைன்ஷ்டைகெ என்னும் வளைந்த இறக்கச் சாலையில் இறங்கத் தொடங்கி, மூன்றாவது கியரில் வைத்துக் காலை எடுத்தேன். பெட்ரோல் செலவு சுழியத்துக்கு வந்தது; கரியின் எடை ஒவ்வொரு வளைவிலும் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களில் குறைந்துகொண்டே வந்தது. ஃபில்டரின் வெப்பம் மட்டும் உடனே விழாமல் சிறிது ஏறிப் பிறகுதான் இறங்கியது, ஏனென்றால் எரியும் கரியே சூட்டைத் தருகிறது. காருக்குள் இருந்தவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. சத்தமோ குலுக்கலோ வாடையோ இல்லை.

ஊரில் கார் ஓட்டப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு வண்டியை உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்மில் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஏதாவது பொருள் இருந்திருக்கலாம். இன்றைய இன்ஜினில் நியூட்ரலில் உருட்டினால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாகும், கியரில் உருட்டினால் ஒரு சொட்டுகூடச் செலவாகாது. அதோடு நியூட்ரலில் ஃபில்டருக்குக் காற்றும் கிடைக்காமல் போகிறது. சில ஆட்டோமேட்டிக் கார்களில் ஈகோ முறையில் காலை எடுத்தவுடன் கியர்பாக்ஸ் தானாகவே இன்ஜினைப் பிரித்து உருளவிடும். சமதளத்தில் தூரமாக உருள அது உதவும் என்றாலும், முழுக்க நகரத்திலேயே ஓட்டுபவர்கள் அவ்வப்போது சாதாரண முறைக்கோ ஸ்போர்ட் முறைக்கோ மாற்றி ஓட்டுவது நல்லது.

இப்போது உங்கள் 4 கி.மீ. பயணத்துக்கு வருகிறேன். உண்மையான சிக்கல் குளிர்காலத்தில் இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே கிளப்பும்போது இன்ஜின் கூடுதலாகப் பெட்ரோலைக் குடிக்கும், உலோகமெல்லாம் குளிர்ந்திருக்கும். கரி மிக அதிகமாக உண்டாவது அந்த முதல் சில நிமிடங்களில்தான். இன்ஜின் சூடேறுவதற்குள் நீங்கள் அலுவலகத்தில் இறங்கிவிடுகிறீர்கள். சேர்ந்தது எரிய வாய்ப்பே இல்லாமல் மாலையிலும் அதுவே நடக்கிறது. இதற்கு மாற்று, ஆட்டோபானில் 180-இல் பறப்பதன்று. கடைக்கோ நண்பர் வீட்டுக்கோ போகும் வழக்கமான நீண்ட பயணம் ஒன்றில் இன்ஜின் முழுதாகச் சூடேறிய பிறகு, 80 அல்லது 100 கி.மீ. வேகம் வரை நன்றாக முடுக்கிவிட்டு, பின்னால் வண்டி வராதபோது கியரிலேயே காலை எடுத்துச் சில நொடிகள் ஓடவிட்டு, மறுபடி முடுக்குவது. இப்படிச் சில முறை செய்தால் போதும். பாதியில் நிறுத்த வேண்டி வந்தாலும் கெடுதல் இல்லை. எரிந்தவரை லாபம், மீதி அடுத்த முறை எரியும். (4 கி.மீ. தூரத்தை வசதிப்பட்ட நாட்களில் சைக்கிளில் கடந்தால் ஃபில்டருக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் அதைவிட நல்லது வேறில்லை என்பதையும் மனதாரச் சொல்கிறேன்.)

இயல்பான ஓட்டத்தில் கரி குறையாவிட்டால் கணினி தானே முயற்சி எடுக்கும். இக்னிஷனை, அதாவது தீப்பொறி எழும் நேரத்தை, சற்றுத் தாமதப்படுத்திப் புகையைச் சூடாக்கும், கலவையில் காற்றைச் சிறிது கூட்டும். அந்த வேளையில் சிக்னலில் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாமல் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கலாம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு கியர் குறைவாகவே பிடித்துவைத்திருக்கலாம், பெட்ரோல் செலவு சிறிது கூடலாம். இன்னொன்றும் நடக்கக்கூடும்: கரி மிக அதிகமாகச் சேர்ந்து ஃபில்டரும் கொதித்துக்கொண்டிருந்தால், திடீரெனக் காற்று புகுந்து ஒரேயடியாகப் பற்றிப் பீங்கான் வெடித்துவிடாமல் இருக்க, காலை எடுத்தாலும் கணினி பெட்ரோலை நிறுத்தாது. அப்போது இன்ஜின் பிரேக்கிங் வழக்கத்தைவிடக் குறைந்து, வண்டி முன்னே தள்ளுவதுபோல் இருக்கும். பிரேக் பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். ஃபில்டருக்கான மஞ்சள் விளக்கு எரிந்தால் காரின் கையேட்டில் அதற்கென எழுதியிருக்கும் முறையில் ஓட்டுங்கள். விளக்கு எரிந்த நிலையிலேயே மாதக்கணக்கில் குட்டைப் பயணங்களைத் தொடர்வதுதான் ஆபத்து. கையேட்டின் முறைப்படி ஓட்டி முடித்த கையோடு காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்; கொதிக்கும் ஃபில்டரால் புல் பற்றிக்கொள்ளலாம்.

எரியாத ஒன்றும் ஃபில்டரில் சேர்கிறது. இன்ஜின் ஆயிலில் உள்ள கால்சியம், மெக்னீசியம், துத்தநாகச் சேர்மங்கள் சாம்பலாகி அங்கேயே தங்கிவிடும். எந்த ரீஜெனரேஷனும் அதை அகற்றாது. சிறிதளவு சாம்பல் படிந்தால் வடிகட்டும் திறன் கூடுகிறது, புத்தம்புதிய ஃபில்டரைவிடச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஃபில்டர் நன்றாகப் பிடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அளவு மீறினால் மூச்சு முட்டும். ஆகவே ஆயில் வாங்கும்போது 5டபிள்யூ-30 போன்ற பாகுநிலைக் குறியீட்டை மட்டும் பார்க்காமல், கையேட்டில் குறிப்பிட்ட அங்கீகார எண் டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்களின் சங்கமான ஏசிஇஏ வகுத்த சி3, சி5 வகை ஆயில்களில் சல்ஃபேட் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பழைய ஏ3/பி4 வகையில் அது 1.6 சதவீதம் வரை போகலாம். சி3, ஏ3/பி4 இரண்டின் டப்பாவிலும் பாகுநிலை 5டபிள்யூ-30 என்றே எழுதியிருக்கக்கூடும்.

ஃபில்டரால் இழுவை குறைகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். அன்றாட ஓட்டத்தில் அதை உணர முடியாது. சைலன்சரின் சத்தம் சற்று அடங்கியிருப்பது மட்டும் காதுக்குத் தெரியும். அதற்காக ஃபில்டரைக் கழற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். ஜெர்மனியில் அப்படிச் செய்த காரின் இயக்க அனுமதியே செல்லாததாகிவிடும்.

முறையாக ஓட்டியும் விளக்கு திரும்பத் திரும்ப எரிந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஃபில்டராக இருக்காது. ஃபில்டரை மாற்ற ஒப்புக்கொள்ளும் முன், தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கி இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராமல் இருக்கிறதா, இன்ஜெக்டர் ஏதாவது ஒழுகுகிறதா, ஆயில் அதிகமாகச் செலவாகிறதா, அழுத்த சென்சாரின் குழாய் விட்டுப்போயிருக்கிறதா என்பவற்றைச் சோதித்து எழுத்தில் தரும்படி பட்டறையில் கேளுங்கள்.