நீர்க்கட்டி என்று முடிவு கட்டும் முன்...

கேள்வி: எனக்கு 26 வயது. பீரியட்ஸ் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. தாடையில் முடி வளர்கிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்றார்கள். இப்போது டாக்டர் '17 ஓ.ஹெச்.பி.' என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். ஸ்கேனிலேயே தெரிந்த பிறகு இது எதற்கு?
*- வாசகி, திருநெல்வேலி*

பதில்: நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்று முடிவு செய்ய ஸ்கேன் மட்டும் போதாது. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சூலக மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும் என்பது 2003-ல் வந்த ராட்டர்டாம் விதி. ஸ்கேனுக்குப் பதிலாக, சூலகத்தின் முட்டைப்பைகள் சுரக்கும் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோனின் அளவை ரத்தத்தில் பார்க்கலாம் என்று 2023 சர்வதேச வழிகாட்டுதல் சேர்த்தது. ஆனால் இதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பி.சி.ஓ.எஸ். என்று சொல்லலாம்.

அப்படி ஏமாற்றும் நோய்களில் முக்கியமானது, அட்ரினல் சுரப்பியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பது. அந்தச் சுரப்பியில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் தயாராகும் வழியில் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்ட்ரோன் உருவாகிறது. உங்கள் டாக்டர் எழுதிய 17 ஓ.ஹெச்.பி. இதுதான். அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவது இந்த என்சைம்தான். அது குறைந்தால் சரக்கு தேங்கி, ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பிவிடும். பரு, முடி, தள்ளிப்போகும் பீரியட்ஸ் எல்லாமே பி.சி.ஓ.எஸ். மாதிரியே இருக்கும். ஸ்கேனிலும் நீர்க்கட்டி தெரியலாம்!

பீரியட்ஸ் தொடங்கிய 2 முதல் 5-ம் நாளுக்குள், காலை 8 மணி வாக்கில் ரத்தம் கொடுங்கள். கருமுட்டை வெளியான பிறகு சூலகமும் இதைச் சுரக்கும் என்பதால், 21-ம் நாள் எடுத்தால் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் அளவு ஏறிவிடும். மாலையில் எடுத்தால் குறை உள்ளவருக்கே நார்மல் என்று வரலாம். பீரியட்ஸ் வரவே இல்லையென்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு டாக்டர் மாத்திரை கொடுத்து வரவழைப்பார்.

டெசிலிட்டருக்கு 200 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இந்தக் குறை இல்லை. மேலே போனால், அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.ஹெச். ஹார்மோனை 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு 60 நிமிடம் கழித்து மறுபடி அளப்பார்கள். அப்போது 1,000-ஐத் தாண்டினால் நோய் உறுதி. சில லேப்கள் மில்லிலிட்டர் கணக்கில் தரும். அதில் 2 என்பதுதான் இங்கே 200. அலகைப் பார்க்காமல் இரண்டு லேப் ரிப்போர்ட்டை ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

கேள்வி: முடி கொட்டுவதற்கு பயோட்டின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். கருத்தடை மாத்திரையும் எடுக்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் பார்க்க இவற்றை நிறுத்த வேண்டுமா?
*- வாசகி, சேலம்*

பதில்: இரண்டுமே கெடுக்கும். பல லேப் மெஷின்களில் பயோட்டின் குறுக்கிட்டு டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாக ஏற்றியும், தைராய்டு டி.எஸ்.ஹெச்.-ஐப் பொய்யாக இறக்கியும் காட்டும். குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்துங்கள். கருத்தடை மாத்திரை ஆண் ஹார்மோனை அடக்கிவிடுவதால் 3 மாத இடைவெளி வேண்டும். அதை டாக்டரிடம் கேட்டு, வேறு பாதுகாப்புக்கு வழி செய்துகொண்டுதான் நிறுத்த வேண்டும். பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு என்பதால் சாதாரண மெஷின்கள் தடுமாறும். மூலக்கூறுகளை எடை வைத்துப் பிரித்து அளக்கும் எல்.சி.எம்.எஸ். முறையில் செய்யும் லேபாகக் கேட்டுப் போவது நல்லது.

கேள்வி: நிறைய மெட்டபாலைட்டுகளை (உடலின் வேதிமாற்றங்களில் உருவாகும் சிறு பொருட்களை) ஒரே ரத்தத்தில் அளந்து பி.சி.ஓ.எஸ். கண்டுபிடிக்கும் 'பேக்கேஜ்' இருக்கிறதாமே, எடுக்கலாமா?
*- வாசகி, சென்னை*

பதில்: இப்போதைக்கு அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். லியூசின், ஐசோலியூசின், வேலின் போன்ற அமினோ அமிலங்கள் பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் கூடியிருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் உடல் பருமனிலும், இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோதும் அவை கூடும். இந்த அளவைத் தாண்டினால் நோய் என்று சொல்ல ஒப்புக்கொள்ளப்பட்ட கோடு எதுவும் இல்லை. அதோடு, ரத்தம் ட்யூபில் பிரிக்கப்படாமல் கிடந்தாலே சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டை ஏற்றிவிடும்; ரிசல்ட்டே மாறிவிடும்.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர் அவசியம் செய்ய வேண்டியது 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மலாக இருந்தும் இதில் மாட்டுபவர்கள் உண்டு. 8 மணி நேரம் பட்டினி இருந்து ரத்தம் கொடுத்துவிட்டு, கரைசலை 5 நிமிடத்துக்குள் குடித்து முடியுங்கள். 2 மணி நேரம் உட்கார்ந்தே இருங்கள். காபி, நடை இரண்டும் கூடாது. 2 மணி நேர முடிவில் மறுபடி எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 முதல் 199 மில்லிகிராம் வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். நடுவில் வாந்தி எடுத்துவிட்டால் அந்த ரிசல்ட் செல்லாது. இன்னொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டும்.