திருட்டு வழக்கில் சிக்கியவருக்கு வக்கீல் எதற்கு?

கேள்வி: திருட்டு வழக்கில் மாட்டியவனுக்குக்கூட அரசாங்கச் செலவில் வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதாகப் படித்தேன். மக்கள் வரிப்பணத்தில் குற்றவாளியைத் தப்பவைக்கும் தீர்ப்பைப் போய் வரலாற்றுச் சிறப்பு மிக்கது என்கிறார்களே, இது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ‘குற்றவாளி’ என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். அதை முடிவு செய்வதற்குத்தான் விசாரணை என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் படித்தது 1963-இல் வந்த ‘கிடியன் எதிர் வெயின்ரைட்’ தீர்ப்பாகத்தான் இருக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆனது என்பதையும் படித்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

1961 ஜூன் 3, விடியாத நேரம். ஃபுளோரிடா மாநிலத்தின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் யாரோ புகுந்துவிட்டார்கள். போனது சிகரெட் இயந்திரத்திலும் பாட்டுப் பெட்டியிலும் இருந்த சில்லறை, கொஞ்சம் பீர், ஒயின். கிளாரன்ஸ் எர்ல் கிடியனை அங்கே பார்த்ததாக ஒருவர் சொன்னார். கிடியனுக்கு அப்போது ஐம்பது வயது. நிலையான வேலை இல்லை, முன்பே சிறை சென்றவர், பிடிபட்டபோது சட்டைப்பையில் சில்லறை வேறு. போலீஸுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் 4 அன்று விசாரணை. எனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை, நீதிமன்றமே ஒருவரை அமர்த்தித் தரவேண்டும் என்று கிடியன் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கு என்றால்தான் தர முடியும், மன்னிக்கவும் என்றார் நீதிபதி. எனக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்றார் கிடியன். அன்றைய சட்டப்படி நீதிபதி சொன்னதுதான் சரி. மேரிலாந்தைச் சேர்ந்த ஒரு பண்ணைத் தொழிலாளியின் வழக்கில், ‘பெட்ஸ் எதிர் பிராடி’ என்ற 1942-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், மாநில நீதிமன்றங்கள் ஏழைகளுக்கெல்லாம் வக்கீல் தரவேண்டிய கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

எனவே கிடியன் தனக்குத் தானே வாதாடினார். சாட்சிகளைத் தன்னால் முடிந்தவரை குறுக்கு விசாரணை செய்தார். எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பது தெரியாது. எதிர்த்தரப்பில் சம்பளம் வாங்கும் அரசு வக்கீல். முடிவு, ஐந்து ஆண்டுச் சிறை.

சிறையிலிருந்து பென்சிலால், சிறை கொடுத்த கோடு போட்ட தாளில், உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1962 ஜனவரியில் அது வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. நீதிமன்றம் மனுவை ஏற்று, அவருக்காக வாதாட ஏப் ஃபோர்டாஸை நியமித்தது. தலைநகரின் முன்னணி வக்கீல்களில் ஒருவர் அவர். வாதத்தின்போது அவர் சொன்ன ஒன்றை மறக்க முடியாது. கிளாரன்ஸ் டாரோ அமெரிக்காவின் மிகப் பெரிய கிரிமினல் வக்கீல். ஜூரியை விலைக்கு வாங்க முயன்றதாக அவர் மீதே ஒரு வழக்கு வந்தபோது, தனக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்பதைத்தான் அவர் முதலில் உணர்ந்தாராம். டாரோவின் நிலையே அப்படியென்றால், கிடியன் என்ன செய்வார்?

இன்னொன்றையும் கவனியுங்கள். தனக்கு ஆதரவாக வரும்படி ஃபுளோரிடா மற்ற மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. வந்தவை அலபாமாவும் வட கரோலைனாவும் மட்டும். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கிடியன் பக்கம் நின்றன. வரிப்பணத்திலிருந்து செலவு செய்ய வேண்டிய மாநிலங்களே அவை!

1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எழுதியவர் ஹியூகோ பிளாக். 1942-இல் பெட்ஸ் வழக்கில் மாறுபட்டு எழுதியவரும் இவரேதான். இருபத்தொரு ஆண்டு கழித்து, அந்தப் பழைய தீர்ப்பைத் தன் கையாலேயே ரத்து செய்தார். வக்கீலின் உதவி பெறும் உரிமை அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தத்தில் 1791 முதல் இருக்கிறது. பதினான்காவது திருத்தத்தின் வழியாக அது மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றார். உங்கள் வரிப்பணக் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. குற்றம் சாட்டி வழக்கு நடத்த அரசு ஏராளமாகச் செலவழிக்கிறது, வக்கீல்களை அமர்த்துகிறது. பணமுள்ளவர்கள் கிடைப்பதிலேயே நல்ல வக்கீலைப் பிடிக்கிறார்கள். ஆகவே கிரிமினல் நீதிமன்றத்தில் வக்கீல் என்பவர் ஆடம்பரமல்ல, அத்தியாவசியம் என்று எழுதினார் பிளாக். ஒரு பக்கத்துக்கு மட்டும் வரிப்பணத்தில் வக்கீல் வைப்பது உங்களை உறுத்தவில்லை, இரண்டு பக்கத்துக்கும் வைத்தால் உறுத்துகிறது. ஏன்?

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். இந்தத் தீர்ப்பு கிடியனை வீட்டுக்கு அனுப்பவில்லை. மறுவிசாரணைக்குத்தான் அனுப்பியது. 1963 ஆகஸ்ட் 5, அதே ஊர், அதே நீதிபதி, அதே குற்றச்சாட்டு, அதே முக்கிய சாட்சி. இந்த முறை கிடியன் பக்கத்தில் உள்ளூர் வக்கீல் ஃபிரெட் டர்னர் இருந்தார். அவர் முன்கூட்டியே விசாரித்து, தயாராக வந்திருந்தார். கிடியனைப் பார்த்ததாகச் சொன்னவரே திருடியவர்களுக்குக் காவல் நின்றிருக்கலாமே என்ற சந்தேகத்தை ஜூரியின் மனதில் விதைத்தார். ‘என்னை ஏற்றிவந்ததை யாரிடமும் சொல்லாதே’ என்று கிடியன் கேட்டுக்கொண்டதாக டாக்ஸி டிரைவர் சாட்சி சொன்னார். கேட்பவர் காதில் அது திருடனின் பேச்சாகத்தான் விழும். ஏன் அப்படிச் சொன்னார் தெரியுமா என்று டர்னர் கேட்டார். மனைவியோடு தகராறு, அதனால்தான் என்றார் டிரைவர். அந்த ஒரு கேள்வியில் சாட்சியத்தின் விஷம் இறங்கிவிட்டது.

ஜூரி சுமார் ஒரு மணி நேரம் யோசித்தது. கிடியன் குற்றவாளி அல்ல என்றது. வக்கீல் இல்லாததால் அவர் இரண்டு ஆண்டுகளைச் சிறையில் தொலைத்திருந்தார்.

வரிப்பணம் ஒரு குற்றவாளியைத் தப்பவைத்தது என்கிறீர்கள். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரைச் சிறையில் வைத்துச் சோறு போட்டதும் வரிப்பணம்தான்.

ஹாலிவுட் படங்களில் போலீஸ்காரர் விலங்கு மாட்டும்போது, ‘வசதியில்லை என்றால் உனக்கு ஒரு வக்கீல் அமர்த்தித் தரப்படும்’ என்பாரே, அது 1966-இன் மிராண்டா தீர்ப்பிலிருந்து வந்தது. கிடியன் தீர்ப்பு இல்லாமல் அந்த வாசகத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது. 1967-இல் சிறார் வழக்குகளுக்கும், 1972-இல் சிறைத்தண்டனையில் முடியும் சிறு குற்ற வழக்குகளுக்கும் இந்த உரிமை நீண்டது.

குறை சொல்ல வேண்டுமானால் வேறு இடத்தில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். உரிமையைக் கொடுத்த நீதிமன்றம், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. பல மாநிலங்கள் இன்றும் கஞ்சத்தனம் காட்டுகின்றன. தாங்க முடியாத அளவுக்கு வழக்குகளைச் சுமக்கும் அரசு நியமன வக்கீல், கட்சிக்காரரை விசாரணைக்குச் சில நிமிடம் முன்புதான் பார்க்கிறார் என்ற நிலை பல இடங்களில் உண்டு. சிவில் வழக்குகளுக்கோ இந்த உரிமை பொருந்தவே பொருந்தாது. வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், பெரும்பாலான ஊர்களில் ஏழை அமெரிக்கர் இன்றும் தனியாகத்தான் போய் நிற்க வேண்டும், 1961-இல் கிடியன் நின்ற மாதிரி.